மலைக்கோட்டையில் நாடி பார்த்தது

விளையாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பது எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் என் தலையில்தான் கட்டினார்கள். பி.டி. டீச்சர் பிரசவ விடுப்பில் போய்விட்டார். மாவட்டப் போட்டிக்கு இரண்டு மாதம் இருந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைக் கூப்பிட்டு, "நீங்கதானே இதயம், நுரையீரல் எல்லாம் நடத்துறீங்க? பிள்ளைங்க அதை வச்சுத்தானே ஓடுதுங்க?" என்றார். நான் விலங்கியல் படித்துவிட்டு அறிவியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள். மறுநாளே விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

எழுபதுகளின் பிற்பகுதி அது. பதினோராம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி. முடிந்த காலம். எங்களுடையது திருச்சி டவுனில் இருந்த பெண்கள் பள்ளி. நான் தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வருவேன். எனக்கு வயது இருபத்தாறு. புத்தகத்தில் இருப்பது உண்மை, மற்றதெல்லாம் பழக்கம் என்று உறுதியாக நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையில் கொஞ்சம் திமிரும் உண்டு, இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

நூலகத்திலிருந்து உடற்பயிற்சி பற்றிய ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தை எடுத்து வந்து இரண்டு வாரம் படித்தேன். பயிற்சி என்றால் உடம்பைப் பழக்கத்துக்கு மேல் கொஞ்சம் சிரமப்படுத்துவது, பிறகு அதற்கு ஓய்வு கொடுப்பது. சிரமம் இல்லாவிட்டால் உடம்பு மாறாது, ஓய்வு இல்லாவிட்டால் நொறுங்கிப் போகும். பலம் கூடுவது ஓடும்போது அல்ல, ஓடிவிட்டுத் தூங்கும்போதுதான். இவ்வளவு எளிமையான விஷயத்தை எந்த டிரில் வகுப்பிலும் எனக்கு யாரும் சொன்னதில்லை. வெயிலில் நிற்க வைத்து, தாகம் என்றால் "கப்பல் கவிழ்ந்துடுமா?" என்று கேட்ட டீச்சர்களைத்தான் நான் பார்த்திருந்தேன். முதல் வேலையாக மைதானத்தில் ஒரு பானைத் தண்ணீர் வைத்தேன். ஓடும்போது தண்ணீர் குடித்தால் வயிறு பிடித்துக்கொள்ளும் என்று வாட்ச்மேன் முதல் தமிழ் டீச்சர் வரை சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு வயிறும் பிடிக்கவில்லை.

அடுத்தது நாடி. ஓய்வில் இருக்கும்போது இதயம் எத்தனை முறை துடிக்கிறது என்று பார்த்தால் ஒருவருடைய உடல் எவ்வளவு தேறியிருக்கிறது என்று ஓரளவு சொல்லலாம். பயிற்சி ஏற ஏற அந்த எண் குறையும். காலையில் கண் விழித்ததும் படுக்கையிலேயே எண்ணிப் பார்த்து எழுதி வரச் சொன்னேன். அணியில் இருந்த பதினோரு பேரும் எழுதி வந்தார்கள். பதினோரு பேருக்கும் எழுபத்திரண்டு. பாடப்புத்தகத்தில் எழுபத்திரண்டு என்று போட்டிருந்தது, நான்தான் அதைக் கோடு போட்டு வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். திட்டினேன். அடுத்த நாள் எழுபத்தொன்று, எழுபத்துமூன்று என்று அடக்கமாக மாற்றிக் கொண்டுவந்தார்கள். ஒருத்தி மட்டும், "டீச்சர், எங்க தெருவுல நாலரைக்குக் குழாய்ல தண்ணி வருது. கண் முழிச்சதும் குடத்தைத் தூக்கிட்டு ஓடுறேன். படுக்கையில எப்படி எண்றது? தண்ணி பிடிச்சுட்டு வந்து எண்ணினேன். தொண்ணூத்தாறு இருக்கு" என்றாள்.

உண்மையான எண்ணைக் கொண்டுவந்த ஒரே ஆள் அவள்தான். பாலக்கரையில் மாதா கோயில் தெருப் பக்கம் இருந்த கத்தோலிக்கக் குடும்பம். பதினோராம் வகுப்பு. ஒல்லியாக, முழங்கைகள் துருத்திக்கொண்டு இருப்பாள். எண்ணூறு மீட்டர் ஓடுவாள். படிப்பு சுமார்தான். ஆனால் உடற்கல்விப் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்து பி.டி. டீச்சர் ஆகவேண்டும் என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. மதிப்பெண் குறைவாக இருந்தாலும் மாவட்டப் போட்டிச் சான்றிதழ் இருந்தால் இடம் கிடைக்கும் என்று பி.டி. டீச்சர் அவளிடம் சொல்லி வைத்திருந்தார். அவளுக்கு அது கடைசி வருஷம்.

எண்ணூறு மீட்டருக்கு ஒரு பள்ளியிலிருந்து ஒருத்தியைத்தான் அனுப்பலாம். அதற்கு இன்னொரு பெண்ணும் இருந்தாள். உறையூர்க்காரி, பத்தாம் வகுப்பு, நல்ல உயரம், அமைதியான பெண். இரண்டு பேரையும் ஓடவிட்டால் திங்கள் ஒருத்தி முந்துவாள், புதன் இன்னொருத்தி. பி.டி. டீச்சராக இருந்தால் பார்த்த பார்வையில் ஒருத்தியைச் சொல்லியிருப்பார். எனக்கு அந்தக் கண் கிடையாது. அதனால் அளந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

புத்தகத்தில் அதற்கு ஒரு சோதனை இருந்தது. ஒரு குறிப்பிட்ட உயரமுள்ள பெஞ்சில் சில நிமிடங்கள் ஏறி இறங்க வேண்டும். முடித்ததும் நாடியை எண்ண வேண்டும், ஒரு நிமிடம் கழித்து மறுபடி எண்ண வேண்டும். எவளுடைய நாடி சீக்கிரம் இறங்குகிறதோ அவள் இதயம் தேர்ந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் பெஞ்ச் தரவில்லை. "ஏறிக் குதிச்சு உடைச்சா யாரு பதில் சொல்றது?" என்று முடித்துவிட்டார். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போக சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது எதிரே மலைக்கோட்டை தெரிந்தது. நானூறு சொச்சம் படி. எல்லோருக்கும் ஒரே படி, ஒரே உயரம். இதைவிடப் பெரிய பெஞ்ச் எந்த ஊரில் கிடைக்கும் என்று எனக்கு ஒரே பெருமை.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் துணி உலர்த்தினால் காவிரிக்கு அந்தப் பக்கம் மலைக்கோட்டை தெரியும். தினமும் பார்த்திருக்கிறேன். ஏறியது இல்லை. எங்களுக்குப் பெருமாள் உண்டு, தாயார் உண்டு. மற்ற சந்நிதிகளைப் பற்றி வீட்டில் யாரும் குறை சொன்னதில்லை, பேசியதும் இல்லை. மலைக்கோட்டைக்குப் போகிறேன் என்று சொன்னபோது அம்மா, "நமக்கு அங்க என்னடி காரியம்? போறதுன்னா பெருமாளைச் சேவிச்சுட்டுப் போ" என்றாள். "நான் ஒண்ணும் சேவிக்கப் போகலை. படி ஏறப் போறேன்" என்றேன். உண்மையாகவே எனக்கு அது வெறும் படிதான். திருச்சியில் அந்த மலையை அப்படிப் பார்த்த ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன்.

ஒரு சனிக்கிழமை காலை ஆறரை மணி. பதினோரு பெண்களும் செருப்பைக் கீழே விட்டுவிட்டு நின்றார்கள். துணைக்குத் தையல் டீச்சரை அழைத்து வந்திருந்தேன். செகண்ட் முள் உள்ள கடிகாரம் ஒன்றுதான், என் அண்ணனுடையது. அது மேலே நாடி எண்ணத் தேவைப்பட்டது. தையல் டீச்சரிடம், ஐந்து நிமிடத்துக்கு ஒருத்தியாக அனுப்புங்கள் என்று சொன்னேன். பெண்களிடம், "ஓடவேண்டாம். ஆனா எங்கேயும் நிக்கக் கூடாது. ஒரே மூச்சா ஏறி வரணும்" என்று சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் முன்னால் ஏறிப்போய் உச்சியில் காற்று அடிக்கிற இடத்தில் நோட்டை விரித்து உட்கார்ந்தேன். ஏறும்போது வழியில் இருந்த சந்நிதிகளை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு மூச்சு வாங்கியது, அதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

மலைக்கோட்டைப் படிகள் பெரும்பகுதி பாறைக்குள்ளும் கூரைக்குக் கீழேயும் போகும். உச்சியிலிருந்து பார்த்தால் காவிரி தெரியும், ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள் தெரியும், ஏறி வருகிறவர்கள் தெரிய மாட்டார்கள். நான் காவிரியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருத்தி வரவேண்டியவர்கள் இரண்டு பேர், மூன்று பேராகச் சேர்ந்து வந்தார்கள். ஐந்தாவதாக வரவேண்டியவள் முதலில் வந்தாள். தையல் டீச்சர் கீழே யாருடனோ பேச்சில் உட்கார்ந்துவிட்டார் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு, வந்த வரிசையில் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினேன்.

முதலில் வந்தவள் பாலக்கரைப் பெண்தான். தனியாக வந்தாள். தாவணி முதுகோடு ஒட்டியிருந்தது. பதினைந்து வினாடிக்கு நாற்பத்திரண்டு. ஒரு நிமிடம் கழித்து முப்பத்தாறு. உறையூர்ப் பெண் வேறு இரண்டு பேரோடு நிதானமாக வந்தாள். முப்பத்திரண்டு. ஒரு நிமிடம் கழித்து இருபத்து நான்கு. வித்தியாசம் இவ்வளவு தெளிவாக இருக்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. மற்ற ஒன்பது பேருக்கும் கிட்டத்தட்ட உறையூர்ப் பெண்ணுடைய எண்ணே வந்தது. பாலக்கரைப் பெண் ஒருத்திதான் தனித்து நின்றாள். அந்தப் பத்துப் பேரின் நெற்றியிலும் விபூதி இருந்தது, பளிச்சென்று, ஈரம் காயாமல். கண்ணால் பார்த்தேன். பிள்ளைகளுக்குக் கூர்ந்து பார், குறித்துக்கொள் என்று வருஷம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கிறவள், அதை நோட்டில் குறித்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை ஒரு பெரிய சார்ட் போட்டு ஸ்டாஃப் ரூமில் ஒட்டினேன். கிராஃப் தாளில் பதினோரு கோடுகள், சிவப்பும் நீலமும். ஹெட்மிஸ்ட்ரஸ் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, "இப்படி அறிவியல் முறையில செய்யணும்" என்று மற்றவர்களுக்குக் கேட்கும்படி சொன்னார். உறையூர்ப் பெண்ணின் பெயர் பட்டியலில் ஏறியது. பட்டியல் வெள்ளிக்கிழமை போகவேண்டும்.

பாலக்கரைப் பெண்ணை நானே கூப்பிட்டுச் சொன்னேன். ஒளிக்காமல் சொல்வதுதான் நேர்மை என்று நினைத்தேன். நோட்டைக் காட்டினேன்.

"இங்க பாரு. உன் இதயம் ரொம்ப வேகமா அடிக்குது. ஓய்வு கொடுத்தாலும் சீக்கிரம் இறங்க மாட்டேங்குது. எண்ணூறு உனக்கு ஒத்துவராது. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவள் எண்களைப் பார்த்தாள். "எனக்கு மட்டுமா டீச்சர் இப்படி இருக்கு?" என்றாள்.

"உனக்கு மட்டும்தான்."

"சரிங்க டீச்சர்" என்றாள். அழவில்லை. என்னோடு வாதாடவும் இல்லை. எண்ணோடு எப்படி வாதாடுவது?

புதன்கிழமை சாயங்காலம் பி.டி. டீச்சரைப் பார்க்கத் தென்னூரில் அவர் வீட்டுக்குப் போனேன். பெண் குழந்தை பிறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கடைசி நாட்களில் அவருக்கு ரத்த அழுத்தம் ஏறி, பள்ளியில் எல்லோரும் பயந்துபோயிருந்தோம். தாயும் குழந்தையும் இப்போது நன்றாக இருந்தார்கள். தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்கள் குவிந்திருந்தன. என்ன என்று கேட்டேன்.

"நம்ம பிள்ளைங்கதான். சனிக்கிழமை மலைக்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போனீங்களாமே? நான் நல்லபடியா பெத்துப் பொழைச்சதுக்கு தாயுமானவருக்கு நன்றி சொல்லி, ஆளுக்கொரு அர்ச்சனை. ஐயர் திணறிப் போயிட்டாராம். விபூதியைக் கொண்டுவந்து கொட்டிட்டுப் போயிருக்குதுங்க" என்று சிரித்தார்.

தாயுமானவர் பிரசவம் பார்க்கிற சாமி. திருச்சியில் பிள்ளை பெற்ற வீட்டுக்காரர்கள் அவரைத் தேடிப் போகாமல் இருக்க மாட்டார்கள். சந்நிதி பாதி வழியில் இருக்கிறது. எங்கேயும் நிற்கக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன்தான். ஆனால் சாமி கும்பிடுவது அவர்கள் கணக்கில் நிற்பது ஆகாது.

பேசிக்கொண்டே பொட்டலங்களைக் கண்ணால் எண்ணினேன். பத்து.

கணக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. பத்துப் பேர் பாதி வழி ஏறி, சந்நிதியில் கால் மணியோ அரை மணியோ நின்று, நாடி அடங்கி, மீதிப் படியை நிதானமாக ஏறியிருக்கிறார்கள். ஒருத்தி மட்டும் நான் சொன்னபடியே எங்கேயும் நிற்காமல் நானூறு படியையும் ஒரே மூச்சில் ஏறியிருக்கிறாள். அவள் நாடி ஏறியிருந்தது, ஏனென்றால் வேலை செய்தவள் அவள்தான். எவ்வளவு வேலை, எவ்வளவு நேரத்தில் என்று தெரியாமல் நாடியை மட்டும் எண்ணினால் அதற்கு அர்த்தமே கிடையாது. அந்தத் தடித்த புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே இது இருந்தது. கீழே கிளம்பிய நேரத்தை ஒரு தாளில் குறிக்கச் சொல்லியிருந்தால் போதும்.

"எண்ணூறுக்கு யாரு?" என்று பி.டி. டீச்சர் கேட்டார். சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் மாறியது. "அப்போ பாலக்கரைப் பொண்ணை விட்டுட்டீங்களா? கடைசி நூறு மீட்டர்ல அவதான் முன்னால வருவா. பரவால்ல, நீங்க பார்த்துச் செஞ்சிருப்பீங்க" என்றார்.

நான் குழந்தையைக் கொஞ்சிவிட்டு எழுந்து வந்தேன்.

வியாழக்கிழமை முழுக்க இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம்தான் பட்டியலைக் கொடுத்தனுப்பினார்கள். ஒரு பெயரை அடித்து இன்னொரு பெயரை எழுத ஒரு நிமிடம் ஆகியிருக்கும். ஆனால் சார்ட் சுவரில் இருந்தது. ஹெட்மிஸ்ட்ரஸிடம் போய், பத்துப் பிள்ளைகள் சாமி கும்பிட்டதை நான் அறிவியல் என்று வரைந்து ஒட்டிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். தமிழ் டீச்சர் சிரிப்பார். தண்ணீர்ப் பானையையும் சேர்த்துச் சிரிப்பார்கள். உறையூர்ப் பெண் பாவம், அவளிடம் சொல்லியாகிவிட்டதே என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை. அது கோழைத்தனம். வேறு பெயர் வைத்துப் பார்த்திருக்கிறேன், எதுவும் பொருந்தவில்லை.

போட்டியில் உறையூர்ப் பெண் மூன்றாவதாக வந்தாள். சான்றிதழ் வாங்கினாள். என் முறை சரி என்பதற்கு அதுவே சாட்சி ஆகிவிட்டது. அடுத்த வருஷம் பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து வந்து அந்தச் சார்ட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் அதற்குப் பிறகு மலை ஏறவில்லை. பி.டி. டீச்சர் திரும்பி வந்ததும் விசிலைக் கொடுத்துவிட்டேன். பாலக்கரைப் பெண் நான் சொன்ன நாளிலிருந்தே மைதானத்துக்கு வருவதை நிறுத்தியிருந்தாள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து டைப்ரைட்டிங் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். விசாரித்துப் பார்க்கவில்லை. விசாரித்தால் தெரிந்துவிடுமே.

எண்பதுகளின் நடுவில் அப்பாவுக்குக் கண்ணில் புரை. புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் காட்ட அழைத்துப் போனேன். டாக்டர் இரண்டாவது மாடியில் இருந்தார். அப்பாவை அண்ணன் கைப்பிடித்து மேலே ஏற்றிக்கொண்டு போக, நான் சீட்டுப் போடக் கீழே நின்றேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து, "டீச்சர், நல்லாயிருக்கீங்களா?" என்றாள். உடம்பு போட்டிருந்தது. முழங்கை இப்போது துருத்தவில்லை. பேசிய பிறகுதான் அடையாளம் தெரிந்தது.

மாமியாருக்குக் கண் பார்க்க வந்திருக்கிறார்கள். கணவர் மாமியாரோடு மாடியில். ஒரு பையன், ஒன்றாம் வகுப்பு.

"நீ மேல போகலையா?" என்று கேட்டேன்.

"நான் படி ஏறுறதில்ல டீச்சர். ஹார்ட் வீக்குல்ல? நீங்கதானே கண்டுபிடிச்சுச் சொன்னீங்க." சாதாரணமாகச் சொன்னாள். "வீட்டுல எல்லாருக்கும் தெரியும். எங்க வீட்டுக்காரர் தண்ணிக் குடம்கூடத் தூக்க விடமாட்டார். பையன் பிறந்தப்ப டாக்டரம்மா நெஞ்சுல வச்சுப் பார்த்துட்டு ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாங்க. ஆனா அவங்க ரெண்டு நிமிஷம் பார்த்தாங்க. நீங்க எண்ணி எழுதிக் காட்டினீங்களே. அடுத்த குழந்தை வேண்டாம்னு அதனாலதான் நிறுத்திட்டோம். அன்னிக்கு நீங்க சொல்லலைன்னா நான் பாட்டுக்கு ஓடி எங்கயாவது விழுந்திருப்பேன் டீச்சர். உங்களை நினைக்காத நாளே கிடையாது."

பெஞ்சில் உட்கார்ந்தேன். அவளிடமிருந்து ஒரு சான்றிதழைத்தான் எடுத்துக்கொண்டேன் என்று அத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது, அவள் கையெடுத்துக் கும்பிடுகிற பாவனையில் நின்றதைப் பார்க்கவே முடியவில்லை. அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னேன். படியைச் சொன்னேன், சந்நிதியைச் சொன்னேன், பத்துப் பொட்டலத்தைச் சொன்னேன். "உன் இதயத்துக்கு ஒண்ணுமே இல்ல. அன்னிக்கு ஏறினவங்கள்ல நீதான் நல்லா ஏறினே. தப்பு என் மேல" என்றேன்.

அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் கேட்ட அதே மாதிரி, முழுசாக.

"இது உங்களுக்கு எப்ப தெரியும் டீச்சர்?"

பொய் சொல்ல இடம் இருந்தது. போன வருஷம்தான் என்று சொல்லியிருக்கலாம்.

"அந்த வாரமே தெரியும். பட்டியல் போறதுக்கு முன்னாடியே."

மாடியிலிருந்து அவள் கணவர் கூப்பிட்டார். மருந்துச் சீட்டைத் தானே கீழே எடுத்து வருவதாகவும், அவள் அங்கேயே இருக்கட்டும் என்றும் சொன்னார். அவள் அவருக்குத் தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே டீச்சர்" என்றாள். "வேற யாருகிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன்."